சூறாவளியை முன்னறிவித்த குருவானவர்



1964ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே தனுஷ்கோடியைக் கடல் விழுங்கிய அந்த இரவைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே சூறாவளி மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் தொட்டுச் சென்றது. பின்னர் 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியோ தென்னந்தோட்டங்களை அடியோடு சாய்த்து, வீடுகளின் கூரைகளைத் தூக்கிச் சென்றது. இப்படியான ஒவ்வோர் அழிவின் பின்னும் எஞ்சியிருப்போர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான். இது வருகின்றது என்று ஒரு நாள் முன்னதாகவேனும் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

இந்தக் கேள்வியையே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒரு கத்தோலிக்கக் குருவானவரைப் பற்றி இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் பெனித்தோ வீஞெஸ். யேசு சபையைச் சேர்ந்தவர். வாழ்ந்ததும் உழைத்ததும் கியூபாத் தீவின் தலைநகராகிய ஹவானாவில். அவ்வூர் மக்கள் அவரைச் சூறாவளிச் சாமியார் என்று அழைத்தார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அது அன்பினால் இட்ட பெயர்.

ஸ்பெயின் நாட்டிலே கத்தலோனியாப் பகுதியில், தரகோனா மாவட்டத்தைச் சேர்ந்த பொபொலேதா என்னும் சிற்றூரில் 1837ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆந் திகதி அவர் பிறந்தார். 1856ல் யேசு சபையிற் சேர்ந்தார். 1868ல் ஸ்பெயினிலே புரட்சி மூண்டு, யேசு சபையார் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டபோது, இவரும் பிரான்சுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்து 1870ல் கடல் கடந்து ஹவானா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

ஹவானாவில் யேசு சபையார் 1854ல் ஆரம்பித்த கல்லூரி ஒன்றிருந்தது. பெலேன் கல்லூரி என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியிலே பெலேன் என்றால் நம் ஆண்டவர் பிறந்த பெத்லகேம். அந்தக் கல்லூரியோடு சேர்ந்து வானிலை அவதான நிலையம் ஒன்றும் இருந்தது. பாரமானி, வெப்பமானி, காற்றுமானி முதலிய கருவிகளும், பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த குறிப்பேடுகளும் அங்கே இருந்தன. புதிதாக வந்த குருவானவரிடம் அந்த நிலையம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் போய் இறங்கிய இடம் எப்படிப்பட்டது என்பதை நீங்கள் அறிய வேண்டும். மேற்கிந்திய தீவுகளில் சூறாவளி என்பது எப்போதோ ஒருமுறை வரும் விருந்தாளியல்ல. ஆனி தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரை ஒவ்வோர் ஆண்டும் அதன் பயம் உண்டு. 1780ஆம் ஆண்டின் பெருஞ் சூறாவளி அத்தீவுகளில் இருபதினாயிரம் பேருக்கு மேல் பலி கொண்டது. 1844லும் 1846லும் ஹவானாத் துறைமுகமே சிதைந்தது. வீஞெஸ் அடிகள் வந்து சேர்ந்த அதே ஆண்டு ஒக்ரோபரில், ஹவானாவுக்குக் கிழக்கேயுள்ள மத்தான்சாஸ் நகரைச் சூறாவளியும் வெள்ளமும் ஒருசேரத் தாக்கின. இன்று ஆங்கிலத்திலே சூறாவளிக்கு வழங்கும் ஹரிக்கேன் என்ற சொல்லும் அத்தீவுகளின் ஆதிக்குடிகள் வாயிலிருந்து ஸ்பானியருக்குப் போய், அவர்களிடமிருந்து உலகுக்குப் போனதுதான்.

முன்னறிகுறிகளை எவரும் அறியாதிருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1502ல் கொலம்பஸ் தம் நாலாவது பயணத்திலே சாந்தோ தொமிங்கோ துறைமுகத்துக்கு வெளியே நின்றபோது, புயல் வருகின்றது, கப்பல்களை வெளியே அனுப்ப வேண்டாம் என்று அங்கிருந்த ஆளுநருக்குச் செய்தி அனுப்பினார். ஆளுநர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஸ்பெயினுக்குப் புறப்பட்ட கப்பற் கூட்டத்திலே இருபது கப்பல்கள் வரையில் நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு மூழ்கின. கொலம்பஸின் கப்பல்கள் தப்பின.

அறிகுறிகளைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு கடலோடியின் அநுபவம் அவனோடேயே போய்விடும். கச்சான், கொண்டல், வாடை, சோளகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பழகிய நம் கடற்றொழிலாளருக்கு இது நன்றாக விளங்கும். அப்பனுக்குத் தெரிந்ததில் பாதிதான் மகனுக்குத் தெரியும். அதை எழுதி, அளந்து, ஒழுங்குபடுத்தி, எவரும் கற்கக்கூடிய முறையாக்குவது வேறு வேலை. அந்த வேலையைத்தான் வீஞெஸ் அடிகள் கையிலெடுத்தார்.

அவருடைய நாட்கள் எப்படிக் கழிந்தன என்று பாருங்கள். காலை நாலு மணிக்கு முதலாவது அவதானம். பின்னர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவு பத்து மணி வரை. நாளொன்றுக்குப் பத்துமுறை பாரமானியையும் வெப்பத்தையும் காற்றையும் முகிலையும் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். மழையென்றும் திருநாளென்றும் விடுமுறை கிடையாது. இதை ஒரு வாரம் செய்தால் நமக்கு அலுத்துவிடும். அவர் இருபத்துமூன்று ஆண்டுகள் செய்தார்! இடையிடையே பழைய குறிப்பேடுகளையும், பத்திரிகைச் செய்திகளையும், கப்பல்களின் நாட்குறிப்புகளையும் புரட்டி, முன்பு வீசிய சூறாவளிகள் எந்த வழியாக வந்தன, எந்த நேரத்தில் எங்கே நின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

அவர் கண்டுபிடித்ததென்ன? சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள். கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இது பயன்படும்.

சூறாவளி ஒரு பெருஞ் சுழல் என்பது அவர் காலத்துக்கு முன்னரே தெரிந்திருந்தது. நம் பக்கத்து வங்காள விரிகுடாவின் புயல்களைக் கப்பற் குறிப்பேடுகளைக் கொண்டு ஆராய்ந்த ஹென்றி பிடிங்ரன் என்னும் ஆங்கிலேயர், 1848ல் வெளியிட்ட நூலிலே, சைக்கிளோன் என்ற பெயரை அதற்குச் சூட்டினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. பூமத்திய ரேகைக்கு வடக்கே அந்தச் சுழல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுற்றும். ஆகவே மாலுமிகளுக்கு ஓர் எளிய விதி சொல்லப்பட்டிருந்தது. காற்று வரும் திசையை நேராகப் பார்த்து நின்று வலக்கையைப் பக்கவாட்டிலே நீட்டினால், அந்தக் கை காட்டும் திசையில் சூறாவளியின் மையம் இருக்கும்.

இந்த விதி காற்று சரியான வட்டமாகச் சுற்றுகிறது என்று எண்ணிச் செய்த விதி. உண்மையில் அப்படியல்ல. கடல் மட்டத்திலே காற்று மையத்தை நோக்கி உட்பக்கமாகச் சாய்ந்துகொண்டு சுற்றுகிறது. எனவே மையம் வலக்கை காட்டும் இடத்துக்குச் சிறிது பின்னாலே இருக்கும். சிறிது வித்தியாசந்தானே என்று நினைக்கலாம். நூறு மைல் தொலைவில் அந்தச் சிறிய வித்தியாசம் ஒரு பாய்க்கப்பலைப் புயலின் வாய்க்குள்ளே கொண்டுபோய் விட்டுவிடும்.

வீஞெஸ் அடிகள் இதற்கும் மேலே போனார். கீழேயுள்ள காற்றை மட்டும் பாராமல், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் முகில் அடுக்குகளையும் பார்த்தார். கீழே உட்பக்கமாகச் சாயும் காற்று, உயரம் போகப் போகச் சாய்வு குறைந்து, தாழ்ந்த முகில்களின் மட்டத்திலே வட்டமாகவே ஓடுகிறது. இன்னும் உயரத்திலே வெளிப்பக்கம் திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பனித்துகள்களாலான மெல்லிய கீற்று முகில்களின் மட்டத்திலே, மையத்திலிருந்து நேராக வெளியே விரிந்து பரவுகிறது. உங்களுக்கு நேர் மேற்கே சூறாவளி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்திலே படும் காற்று தெற்குக்குச் சற்றுக் கிழக்கேயிருந்து வரும். தாழ்ந்த முகில் தெற்கேயிருந்து வரும். அதற்கு மேலேயுள்ளது தென்மேற்கிலிருந்து வரும். உச்சியிலுள்ள கீற்று முகிலோ மேற்கேயிருந்தே வரும். வானம் முழுவதுமே ஒரு திசைகாட்டியாகிவிடுகிறது.

இதில் மிகப் பயனுள்ளது அந்த உச்சி முகில்தான். ஸ்பானிய மாலுமிகள் அதைச் சேவல் வால் என்பார்கள். சூறாவளி நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நிற்கும்போதே, வானம் நீலமாகவும் கடல் அமைதியாகவும் இருக்கும்போதே, அடிவானத்தின் ஒரு புள்ளியிலிருந்து விசிறி விரிவதுபோல அந்த வெண்கீற்றுகள் விரியும். அவை எந்தப் புள்ளியிற் கூடுகின்றனவோ அந்தப் புள்ளியின் கீழேதான் சூறாவளி. மணிக்கு மணி அதைக் குறித்துவர வேண்டும். அந்தப் புள்ளி அடிவானத்தின் வழியே இடமோ வலமோ நகர்ந்தால், சூறாவளி உங்களை விலகிப் போகும். நகராமல் ஒரே இடத்திலே நின்றால், அது உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. ஆபத்தில்லை என்று பாமரன் நினைக்கும் அந்த அசையாத முகில்தான் மிகப் பெரிய ஆபத்து.

வேறு அடையாளங்களும் உண்டு. பாரமானி முதலில் வழமைக்கு மேலாகச் சற்று ஏறி நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். வானத்தை ஒரு மெல்லிய வெண்திரை மூடும். சூரியனையும் சந்திரனையும் சுற்றிப் பரிவேடம் கட்டும். விடியலிலும் அந்தியிலும் வானம் செப்பு நிறமாகச் சிவக்கும். காற்றில்லாமலே நீண்ட பெருந்திரைகள் கரையில் வந்து மோதும். இவற்றில் ஒன்றைத் தனியே கண்டு பயப்படுவதும் பிழை. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர் கற்பித்த முறை.

இவையெல்லாம் ஏட்டறிவாக நின்றுவிடவில்லை. 1875ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி, சூறாவளியொன்று கியூபாவை நெருங்கி வருகின்றதென்று அவர் எழுதிய அறிவித்தல் ஹவானாப் பத்திரிகையிலே வெளிவந்தது. அடுத்த இரு நாட்களில் அது கியூபாவின் தென்கரையை ஒட்டி வந்து, பின்னர் மெக்சிக்கோ வளைகுடாவுக்குட் புகுந்து, 16ஆந் திகதி ரெக்சாஸ் கரையிலுள்ள இந்தியானோலாத் துறைமுகத்தை அழித்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. அந்தக் கடல்களிலே, ஒரு சூறாவளி வருமுன் மக்களுக்காகப் பத்திரிகையில் அச்சிட்ட முதலாவது எச்சரிக்கை இதுவென்றே வானிலை வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர்.

வீஞெஸ் அடிகள் பெரிய இடத்து மனிதரல்லர். அரசாங்க அதிகாரமும் கிடையாது. ஒரு கல்லூரிக் கட்டிடத்தின் மேலே நின்று வானத்தைப் பார்க்கும் துறவி. தாம் சொல்வது பிழைத்தால் துறைமுகத்தில் கப்பல்களை வீணே தடுத்து வைத்தார் என்று வணிகர் குறை சொல்வார்கள். சொல்லாமல் விட்டாலோ பிணங்கள் கரையொதுங்கும். இரண்டுக்கும் நடுவே நின்று, கையெழுத்திட்டு அறிவிக்க ஒரு துணிவு வேண்டும். அவர் எப்போதும் அளந்தே பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள், இந்தத் திசை, இந்த வேகம் என்பதற்கு மேலே அவர் போகமாட்டார். அடுத்த மாதம் என்ன நடக்குமென்று பஞ்சாங்கக்காரர்போலச் சொல்லப் புறப்படவில்லை. மக்கள் அவரை நம்பியதற்கு அதுவே பாதிக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

1876 செப்ரெம்பரிலே இன்னொரு பெருஞ் சூறாவளி போர்த்தோ ரிக்கோவைத் தாக்கிக் கியூபாப் பக்கம் வந்தது. அது ஓய்ந்ததும் அடிகள் கருவிகளோடு மட்டும் இருந்துவிடவில்லை. கியூபாவின் கிழக்குப் பகுதிக்கும் போர்த்தோ ரிக்கோத் தீவுக்கும் பயணஞ் செய்து, சேதங்களை நேரிற் பார்த்து, ஊர் ஊராக விபரம் திரட்டினார். வேரோடு சாய்ந்த மரம் எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடக்கிறது என்பதே அவ்விடத்தில் வீசிய காற்றுக்குச் சாட்சியல்லவா? இவ்விரு ஆண்டுகளின் சூறாவளிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1877ல் ஹவானாவில் வெளிவந்தது. 1885ல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் நீரியல் அலுவலகம் மாலுமிகளின் உபயோகத்துக்காக அதை ஆங்கிலத்திலே வெளியிட்டது.

பின்னும் அவர் மனம் ஓயவில்லை. ஹவானாவிலிருந்து பார்க்கும் கண் ஒன்றே ஒன்று. சூறாவளியோ ஆயிரம் மைலுக்கு அப்பால் அத்திலாந்திக்கில் பிறந்து, கிழக்கேயுள்ள சிறு தீவுகளைத் தாண்டித்தான் கியூபாவுக்கு வருகிறது. அந்தத் தீவுகளிலும் பார்க்கும் கண்கள் இருந்தால்? 1870ஐ அடுத்த ஆண்டுகளிலே கடலடித் தந்திக் கம்பி மேற்கிந்திய தீவுகளை ஒன்றோடொன்று இணைத்திருந்தது. திரினிடாட், பார்பேடோஸ், மார்ட்டினிக், அன்ரிகுவா, போர்த்தோ ரிக்கோ, ஜமெய்க்கா, கியூபாவின் சந்தியாகோ ஆகிய இடங்களிலே அவதானிகளை ஏற்படுத்தி, அவர்கள் கண்டதைத் தந்தியிலே ஹவானாவுக்கு அனுப்பும் ஒழுங்கு செய்யப்பட்டது. வணிகரும், கப்பற் கம்பனிகளும், காப்புறுதிக் கம்பனிகளும், தந்திக் கம்பனிகளும் இதற்கு உதவின. கப்பல் மூழ்கினால் நட்டம் யாருக்கென்று அவர்களுக்கும் தெரியுந்தானே.

சூறாவளிகள் போகும் வழியிலும் ஓர் ஒழுங்கைக் கண்டார். அவை அயன மண்டலத்திலே முதலில் மேற்கு நோக்கி நகர்ந்து, பின் வடக்கே திரும்பி, அதன்பின் வடகிழக்கே ஓடும். திரும்பும் இடம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், அதாவது ஆனியிலும் ஐப்பசியிலும், தெற்கே கியூபாவை ஒட்டிய அகலக்கோடுகளிலேயே திரும்பிவிடும். ஆவணியிலே வெகுதூரம் வடக்கே போய்த்தான் திரும்பும். ஹவானாவிலிருந்து நியூயோர்க்குக்குப் புறப்படும் கப்பற் தலைவருக்கு இந்த ஒரு செய்தி எவ்வளவு பெறுமதியானது என்று எண்ணிப் பாருங்கள். 1888ல் அவர் அமைத்த ஒரு கருவியும் உண்டு. திசைகாட்டி வட்டத்தின் மேலே, காற்றும் முகில்களும் ஓடும் திசைகளைக் குறித்த எளிய பலகை அது. கணக்குத் தெரியாத மாலுமியும் அதைத் திருப்பிப் பார்த்துச் சூறாவளியின் மையம் எங்கே என்று மதிக்கலாம்.

யேசு சபைக் குருக்கள் மட்டக்களப்பு, திருகோணமலை வாசகர்களுக்குப் புதியவரல்லர். அவர்களுடைய சபையிலே வானத்தைப் பார்த்தவர் இவரொருவர் மட்டுமல்ல என்பதையும் இடையே சொல்லிவைப்போம். பூமியின் மறுபக்கத்திலே, மணிலா அவதான நிலையத்திலிருந்த ஃபவுரா அடிகள் 1879 யூலை 7ஆந் திகதி பிலிப்பைன் தீவுகளுக்குத் தம் முதலாவது சூறாவளி எச்சரிக்கையை விடுத்தார்.

1893ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியோடு வானிலை அறிஞர் மகாநாடு ஒன்றும் ஆவணி மாதத்திலே கூடவிருந்தது. அதற்கு அனுப்புவதற்காக, தம் இருபத்துமூன்று ஆண்டு அநுபவத்தையும் திரட்டி ஒரு பெரிய கட்டுரையை அடிகள் எழுதினார். எழுதி முடித்து ஒரு சில நாட்களிலே, யூலை 23ஆந் திகதி, மூளையில் இரத்தப் பெருக்கு ஏற்பட்டு ஹவானாவிலே காலமானார். வயது ஐம்பத்தைந்து. கட்டுரை அவர் போகாத சிக்காகோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

கதை இத்தோடு முடியவில்லை. அவருடைய இடத்துக்கு, அவரிடம் முறை கற்ற சபைச் சகோதரர்களாகிய குருக்களிடமிருந்து லொறென்சோ கங்கோயித்தி அடிகள் வந்தார். 1898ல் நடந்த போரின் பின் கியூபா ஐக்கிய அமெரிக்கரின் ஆட்சிக்குட்பட்டது. அமெரிக்க வானிலைப் பணியகமும் ஹவானாவிலே தன் அலுவலகத்தைத் திறந்தது. கியூபாக்காரரின் முன்னறிவித்தல்கள் மக்களை வீணே கலவரப்படுத்துகின்றன என்பது அந்தப் பணியகத்தாரின் எண்ணம். 1900ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதக் கடைசியிலே, சூறாவளிக் காலம் உச்சத்தில் இருக்கும் வேளையில், கியூபா அவதானிகளின் வானிலைச் செய்திகள் அரசாங்கத் தந்திக் கம்பிகள் வழியே போகாதபடி தடை செய்தார்கள்.

சில நாட்களிலே சூறாவளியொன்று கியூபாவைக் கடந்தது. அது வழமைப்படி வடக்கே திரும்பிப் புளோரிடா வழியாக அத்திலாந்திக்குக்குப் போய்விடுமென்று வாஷிங்ரன் கணித்தது. பெலேன் நிலையத்தாரோ, வீஞெஸ் அடிகள் கற்பித்தபடி முகிலையும் காற்றையும் பார்த்து, அது திரும்பவில்லை, வளைகுடாவுக்கு உள்ளேதான் போகிறது, ரெக்சாஸ் பக்கம் போகிறது என்று கண்டார்கள். செப்ரெம்பர் 8ஆந் திகதி அது ரெக்சாஸின் கல்வெஸ்ரன் நகரிலே இறங்கியது. மணற்றீவொன்றின் மேலே கட்டிய அந்த நகரைக் கடல் மூடியது. இறந்தவர் ஆறாயிரத்துக்குக் குறையாது, பன்னிரண்டாயிரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவிலே இயற்கை அழிவொன்றில் அவ்வளவு பேர் அதற்கு முன்னும் பின்னும் இறந்ததில்லை. தடை அதன் பின்னரே நீங்கியது.

இறக்குமுன் வீஞெஸ் அடிகள் எழுதி முடித்த அந்தக் கடைசிக் கட்டுரை 1895ல் ஸ்பானிய மொழியிலே நூலாக வந்தது. அதை 1898ல் ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டது, தந்திக் கம்பியை மூடச் செய்த அதே வானிலைப் பணியகந்தான்.